பயத்தை எடுத்துவிடும் என்று ஜெபித்தேன், எடுக்கவில்லை

ஆண்டவருக்குள் அன்பான எல்லாருக்கும் என் வணக்கம். என் பெயர் ஜெயசீலி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிள்ளைப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் தங்கதுரை ஒரகடத்தில் வண்டிப் பாகங்களை இரும்பில் கடைந்தெடுக்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனியில், முடிந்து வரும் பொருளில் குறை இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சபையில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

போன வருஷம் ஜூலையில் கம்பெனியில் எல்லாருக்கும் எடுக்கிற எக்ஸ்ரேயை என் கணவருக்கும் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஏதோ தெரிகிறது என்றார்கள். பிறகு ஸ்கேன். பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்த பரிசோதனை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். பீடி சிகரெட் தொடாத மனுஷன். வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. இது நியாயமா ஆண்டவரே என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தம் போட்டே கேட்டேன். பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

கட்டி பெரிதில்லை, ஆனால் இருக்கிற இடம் மோசம் என்றார்கள். ஆபரேஷன் என்றால் அந்தப் பக்க நுரையீரலையே எடுக்க வேண்டிவருமாம். ரேடியேஷன் கொடுத்தால் குணமாக வாய்ப்பு உண்டு என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் கரண்டு வைப்பது என்பார்கள். கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகளுக்கு போனில் அந்த ஒரு நல்ல வார்த்தையை மட்டும்தான் சொன்னேன். சபையில் எல்லாரும் உபவாசம் இருந்தார்கள். கரண்டு சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், ஒரு தடையும் வரக் கூடாது என்று ஜெபித்தார்கள். நானும் அப்படியே ஜெபித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே இவருக்கு வறட்டு இருமல் இருந்தது. டிபியாக இருக்குமோ என்று பார்த்தார்கள், சளியில் ஒன்றும் இல்லை. ஆயுத பூஜையை ஒட்டி மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியை ஒரு வாரத்துக்கு மேல் மூடியிருந்தார்கள். அந்த விடுமுறையில் உபவாசக் கூட்டத்துக்குப் போனோம். இருமல் நின்றுவிட்டது. ஆண்டவர் சுகமாக்கிவிட்டார் என்று இவர் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டி ஆண்டவரைத் துதித்தார்கள். நானும் அழுதுகொண்டே கைதட்டினேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன பிறகு இருமல் திரும்ப வந்தது. ஆனால் அதைச் சொல்லக் கூடாது. நம்மில் பலர் இதை நன்றாக அறிவீர்கள். சுகம் பெற்றேன் என்று அறிக்கை செய்த பிறகு வியாதியின் பெயரை நாவில் எடுத்தால், அதற்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். வெளியே எனக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்க வேண்டுமாம். தண்ணீர்ச் சத்தம் எத்தனை இருமலை மறைக்கும்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னங்க, இருமல் திரும்ப வந்துட்டு போலயே."

"ஏட்டி, அப்படி வாயால சொல்லக் கூடாது பாத்துக்கோ. அது பிசாசு காட்டுத பொய் அடையாளம். நம்பாத."

நான் நம்பாமல் இருக்க முயற்சி செய்தேன். எனக்கு அது சரியாக வரவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

கரண்டு வைக்கிற டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசினார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"நுரையீரலோட அடிப்பக்கம் கொஞ்சம் தழும்பு மாதிரி தெரியுது. பழைய டிபியா இருக்கலாம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்காங்க. உங்களுக்கு வறட்டு இருமல் உண்டா? நடந்தா, படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்ன இருமல் இருந்துச்சு. கர்த்தர் முழுசா சுகமாக்கிட்டாரு."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அப்போது அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறேன்னா, சில பேருக்கு நுரையீரல் உள்ளுக்குள்ள ஏற்கெனவே இறுகித் தடிச்சுப் போயிருக்கும். அந்த மாதிரி நுரையீரல்ல கரண்டு பட்டா, பட்ட இடத்தோட நிக்காது. ரெண்டு பக்கமும் புண்ணாகி மூச்சு அடைச்சிடலாம். அப்படி ஆயிட்டா எங்களால திருப்பிக் கொண்டுவர முடியாமப் போயிடும். கட்டியால போறதுக்கு முன்னாடி அதாலயே உயிர் போயிடலாம். சந்தேகம்னா இன்னும் நுணுக்கமா ஒரு ஸ்கேன் எடுத்து, நுரையீரல் டாக்டரையும் பாக்கச் சொல்லணும். பத்து நாள் தள்ளிப் போகும்."

"தள்ள வேண்டாம் டாக்டர்" என்றார் இவர். "சபையே உபவாசம் இருந்து கேட்ட தேதி இது. எனக்கு ஒரு குறையும் கிடையாது."

இவர் முகம் அப்படியே பிரகாசமாக இருந்தது. பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது. இவர் பொய் சொல்லவில்லை, விசுவாசித்தார். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று முடிவானது. உடம்பு அசையாமல் இருக்க ஒரு அச்சு செய்தார்கள். நெஞ்சில் மையால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வாரம் அந்த இடத்தில் என்ன நடக்குமோ என்று கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

அது ஒரு வியாழக்கிழமை. அன்றிலிருந்து நான் பட்ட பாடு என் விரோதிக்கும் வரக் கூடாது. எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுதான். "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்." சமைக்கும்போது அதையே சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதையே சொன்னேன். பயம் என்றால் அவிசுவாசம், அவிசுவாசம் என்றால் பாவம், என் பாவத்தால் இவருக்குச் சுகம் தடைபடப் போகிறது என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். பயம் குறையவில்லை. மாவு புளித்துப் பொங்குவதைப் போல மேலே மேலே வந்தது. இவர் சட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னை ஏன் இப்படி முழிச்சுப் பாக்க?" என்று கேலி செய்வார். "அழகா இருக்கீங்கள்லா, அதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, இவர் மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கினார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். பாதியில் கேனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப்போயிருந்தது. கீழே எங்கள் வீட்டுக்கார அம்மா கன்னியம்மா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள், இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார்கள். நான் கேனை எடுக்க இறங்கியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா ஜெயா, உன் வூட்டுக்காரரு ரெண்டு படி ஏறங்காட்டியும் குந்திக்கினாரு. நாளிக்கி கரண்டு வைக்கிறாங்கன்ற. இப்பிடி மூச்சு இளைக்குதுன்னு டாக்டராண்ட சொன்னியா?"

"சொல்லலக்கா. அவரு சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லியிருக்காரு. இப்ப இருக்குன்னு சொன்னா ஆண்டவர் குடுத்ததை நாங்களே மறுதலிச்ச மாதிரி ஆயிரும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா கீது. மாட்டுக்கு ஊசி போட டாக்டரு வந்தாக்கூட, தின்னுச்சா, சாணி போட்டுச்சான்னு ஒண்ணு வுடாம சொல்றோம். இவுரு மன்சன். உங்க சாமிக்குத் தெரியாதா இவுருக்கு இளைக்குதுன்னு? டாக்டருக்குத்தான் தெரியாது."

துணியை உதறிப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "கம்பெனி லீவு வுட்டா நல்லாத்தான் கீறாரு. வேலைக்குப் போவ ஆரம்பிச்சா இழுத்துக்கினு வருது. நான் பாத்துக்கினுதான கீறேன்."

நான் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். கோபம்தான் வந்தது. நம் ஆண்டவரை அறியாதவர் நமக்குச் சொல்ல வந்துவிட்டாரே என்ற கோபம். ஆனால் ஆண்டவருக்குத் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியாது என்ற அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் முழங்கால் போட்டபோது முதல்முறையாக வேறு மாதிரி ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தப் பயம் உம்முடையதாக இருந்தால் இது என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்ய எனக்கு வாய் கொடும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு பச்சை அங்கியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு முன்னே கனமான கதவு. அதன் மேலே சிவப்பு விளக்கு. எங்கள் கம்பெனியில் லைனில் ஆளுக்கொரு சிவப்புப் பட்டன் உண்டு. குறையைப் பார்த்தால் அமுக்க வேண்டும். அமுக்கினால் லைன் முழுவதும் நின்றுவிடும், எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள், சூப்பர்வைசர் ஓடி வருவார். புதிதாக வரும் பெண்கள் அழுவார்களே தவிர அமுக்க மாட்டார்கள். இங்கே அமுக்குவதற்குப் பட்டன் இல்லை. என் வாய்தான் இருந்தது.

எழுந்து டாக்டர் அறைக்குள் போய்விட்டேன். வாசலில் இருந்தவர் டோக்கன் எங்கே என்று தடுத்ததும் எனக்குக் காதில் விழவில்லை.

"டாக்டர், இவருக்குக் கரண்டு வைக்காதீங்க. இவருக்கு இருமல் இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. படி ஏற முடியல. குழாயைத் திறந்துவிட்டு இருமுதாரு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் சொல்லாம விட்டுட்டேன்."

பின்னாலேயே இவர் வந்துவிட்டார். என் மேல் இவருக்கு அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னட்டி பண்ணுத? விசுவாசத்தைக் கெடுக்கதுக்குன்னே வந்தியா?"

அதற்கு மேல் பேச முடியவில்லை. இருமல் வந்துவிட்டது. அங்கே திறந்துவிடக் குழாய் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தார். டாக்டர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். முதுகில் குழலை வைத்துக் கேட்டார். செருப்பில் இருக்கும் ஒட்டுப் பட்டையைப் பிரிக்கும்போது வருமே, அந்த மாதிரி சத்தம் உள்ளே கேட்கிறது என்றார். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டி வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடக்க நடக்க அதில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னைக்குக் கரண்டு கிடையாது" என்றார். என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்தார்.

நுணுக்கமான ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் டாக்டர் ஒருவர் பார்த்தார். கட்டி இருக்கிற அதே நுரையீரலில் இன்னொரு வியாதியும் இருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே வீங்கி, இறுகத் தொடங்கியிருந்தது. அவர் இவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. மெஷின் சூடாகாமல் இருக்கப் பால் மாதிரி வெள்ளையான ஒரு எண்ணெய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். கூலன்ட் என்பார்கள். அது நாள்பட நாள்படக் கிருமி பிடித்துக் கெட்டுப்போகுமாம். ஷிப்ட் முடிந்ததும் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை எடுத்து மெஷினில் அடிப்பார்கள். பிறகு அதையே தங்கள் சட்டையிலும் தலையிலும் அடித்துச் சுத்தம் செய்துகொள்வார்கள். பஸ்ஸில் அழுக்காக ஏறினால் கௌரவக் குறைச்சல். சட்டையில் ஊறியிருந்த அந்தத் திவலை எல்லாம் புகையாக எழும்பி மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைக் கெடுத்திருக்க வேண்டும் என்றார் அவர். மற்றவர்கள் வீட்டுக்காரரைப் போல இல்லாமல் என் கணவர் சுத்தமாக வருகிறாரே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"லீவுல இருந்தா இருமல் குறையுமா?" என்று அந்த டாக்டர் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் ஆமாம் என்றேன்.

அப்படியானால் அந்த உபவாசக் கூட்டத்தில் கர்த்தர் சுகம் தரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சுகத்தோடு இவரைத் திரும்ப அதே புகைக்குள் அனுப்பியது நாங்கள்தான்.

பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது திட்டப்போகிறார் என்று நான் ஒடுங்கி நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "நான்தானம்மா அப்படிப் பிரசங்கம் பண்ணினேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு இவர் காலடியில் முழங்கால் போட்டு ஜெபித்தார்.

கரண்டு டாக்டரிடம் நான் ஒரு நாள் கேட்டேன், அன்றைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சில பேரு தாங்கிடுவாங்க. ஆனா இந்த ஸ்கேனைப் பாத்த பிறகு, நல்ல வேளை கொடுக்கலன்னுதான் எனக்குத் தோணுது" என்றார்.

பயம் அதோடு முடியவில்லை. கரண்டு இல்லை என்றால் கட்டியை என்ன செய்வது? டாக்டர்கள் கூடிப் பேசும்வரை அது உள்ளே வளர்ந்துகொண்டிருக்குமே என்ற நினைப்பிலேயே நாங்கள் செத்துப் பிழைத்தோம். முதலில் நுரையீரலின் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். இவர் முகம் ஊதிவிட்டது. கொஞ்சம் மூச்சு தெளிந்த பிறகு, நுரையீரலை அதிகம் உசுப்பாத மருந்தாகப் பார்த்து டிரிப்ஸில் ஏற்றினார்கள். இதிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டோம், புதிதாக மூச்சு வாங்கினாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே வர வேண்டும் என்றார்கள். நடுவில் ஒருமுறை காய்ச்சல் அடித்தது. பழைய தங்கதுரையாக இருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பார். இந்தத் தடவை அவரே, "எட்டி, ஆட்டோவைக் கூப்பிடு. எனக்கு முடியல" என்றார். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். அந்த வார்த்தையைக் கேட்டு உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சாதாரணக் கிருமித் தொற்றுதான். உடனே வந்ததால் அடக்கிவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. நுரையீரல் இறுகுவதும் அப்படியே நின்றிருக்கிறது. "போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கு. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நானும் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன். கம்பெனியில் இவரை மெஷின் பக்கமே விடாமல் வேறு கட்டடத்தில் ஸ்டோர் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்த பையன்களிடம் சட்டையில் ஏர் கன் அடிக்காதீர்கள் என்று இவர் பார்க்கும் இடமெல்லாம் சொல்கிறார்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் இவர் கையைத் தூக்கினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு இருமல் இன்னும் இருக்கு" என்று ஆரம்பித்தார். "மூச்சு வாங்குது. கட்டியும் இருக்கு. போன தடவ இங்க நின்னு எல்லாம் போயிட்டுன்னு சொன்னேன். அந்தச் சாட்சியைக் காப்பாத்தணும்னு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லாம விட்டேன். என் சாட்சியைக் காப்பாத்த வேண்டிய அவசியம் கர்த்தருக்கு இல்ல. அவரு என்னையத்தான் காப்பாத்துனாரு. இவ வாய் வழியாக் காப்பாத்துனாரு."

ஒருவரும் கைதட்டவில்லை. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சகோதரி ஒருவர் என் முந்தானையைப் பிடித்தார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. சுகர் போய்விட்டது என்று போன வருஷம் சாட்சி சொன்னவர். அதிலிருந்து மாத்திரை போடவில்லையாம். காலில் ஒரு புண் ஆறவே இல்லை, சேலையால் மூடி மூடி நடக்கிறாராம்.

"அக்கா, டாக்டர் முன்னாடி எனக்கு வாய் வராது. நீங்க கூட வந்து சொல்றீங்களா?"

"வாரேன்" என்றேன். அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். புண்ணைப் பிரித்துப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். இப்போது ஆறி வருகிறது. என் கணவருக்கு அடுத்து அவர் இரண்டாவது ஆள்தான். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

அன்பானவர்களே, பயத்தை எடுத்துவிடும் என்று நான் கேட்டேன். ஆண்டவர் எடுக்காமல் விட்டதால்தான் என் கணவர் இன்று உயிரோடு இருக்கிறார். அதற்காக அவரை நான் சாகிறவரை துதிப்பேன். நம்பி ஜெபியுங்கள். டாக்டர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களில் யாராவது இதை வாசிக்கும்போது, மறைத்து வைத்திருக்கிற ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து பயமுறுத்தினால், அந்தப் பயத்தைக் கடிந்து துரத்திவிடாதீர்கள். தனியாகப் போகத் தைரியம் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன். நானும் பயந்துகொண்டேதான் வருவேன்.